குளோரி வீட்டுத் தண்ணீர்

ஜெர்மனியில் நான் வாழும் இந்தச் சிறு நகரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் நுழைந்ததும் தண்ணீர் தரமாட்டார்கள். காலணியைக் கழற்றச் சொல்வார்கள், மேல்கோட்டை வாங்கி மாட்டுவார்கள், அறை அறையாக வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் மட்டும் வராது. தோழி வீட்டுக்கு விளையாடப் போகும் குழந்தைகள் சொந்தத் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். குழாய் பழுதுபார்க்க வருகிறவர், வேலையை முடித்துவிட்டு, அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பையிலிருக்கும் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறார். யாருக்கும் இதில் எந்த வருத்தமும் இல்லை.

நான் வந்த முதல் மாதம், என்னோடு வேலை செய்த பிர்கிட் என்ற நர்ஸ் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். வெயில் நாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து மேடேறி நடந்து போயிருந்தேன். இரண்டு மணிநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. அவள் கொடுப்பாள், இதோ கொடுப்பாள் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. அறைக்குத் திரும்பி, குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு தூரம் பறந்து வந்தும் இங்கேயும் நமக்குத் தண்ணீர் இல்லையா என்று. அடுத்த வாரம் அரைகுறை ஜெர்மனில் அதை அவளிடம் எப்படியோ கேட்டும்விட்டேன். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னாள்: “பாட்டிலும் கண்ணாடி டம்ளரும் மேசைமேலேயே இருந்ததே! நீ ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?”

எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொடுக்கப்படும் என்றுதான் தெரியும். அன்றைக்கே ஒரு பாட்டில் வாங்கினேன். அதன் பிறகு எத்தனையோ பாட்டில்கள் மாறிவிட்டன. இப்போது இருப்பது நீல நிற எஃகு பாட்டில். முதியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை எனக்கு. காரில் சாவிக்கு அடுத்தபடியாக அதைத்தான் தேடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் அது ஒரு கை மாதிரி ஆகிவிட்டது. நடந்ததற்கு இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகச் சொல்லலாமா என்று சில நாட்கள் யோசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் எஸ்தர் இங்கே பிறந்தவள், பத்தொன்பது வயது. பள்ளி முடித்ததும் ஒரு வருடம் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போவது இங்கே பல பிள்ளைகளின் வழக்கம். எத்தனையோ நாடுகள் இருந்த பட்டியலில் அவள் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தாள். ஷூ கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய மையம், ஆம்பூருக்குப் பக்கத்தில். அவளுக்கு அது வெளிநாடு. எனக்கு, நான் தப்பித்து வந்த இடம். இங்கே எல்லோரிடமும் என் ஊர் வேலூர் என்றுதான் சொல்லியிருந்தேன். முழுப் பொய் இல்லை, நர்ஸிங் படித்தது வேலூரில்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது பேரணாம்பட்டுப் பக்கத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளை ஒட்டிய ஒரு தெருவில். என் அப்பா தோல்களை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நின்று வேலை பார்த்தவர். எஸ்தரிடம் ‘உன் தாத்தா லெதர் கம்பெனியில் இருந்தார்’ என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் அதற்குமேல் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அக்டோபரில் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நான்கு நாள். நான் இங்கே வேலைக்குப் போகாமல் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நடந்துகொண்டிருந்தேன். அவள் தங்கியிருந்தது குளோரி என்ற பெண்ணின் வீட்டு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறை. குளோரி ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவள், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். அவள்தான் இரண்டு நாள் லீவு போட்டு எஸ்தருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனாள். ஒவ்வொரு முறையும் போனில், “அழுவாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன். என் பொண்ணா இருந்தா வுட்டுடுவனா?” என்றாள். நான் நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு எஸ்தரிடம் தனியாக, ஜெர்மனில், “அவங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்காதே” என்றேன். அந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீர் எப்படிக் கெட்டுக்கிடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று சேர்த்துக்கொண்டேன். அம்மாவாகவும் நர்ஸாகவும் அது நியாயமான பேச்சாகத்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

ஜூலையில் அவளுடைய வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து ரயில். ஆம்பூரில் இறங்கியபோது எஸ்தர் நடைமேடையில் ஓடி வந்தாள். சுடிதார், எண்ணெய் வைத்த தலை, கறுத்துப்போன முகம். இந்த ஒன்பது நாளை எப்படிச் செலவழிப்பது என்று ஒரு பட்டியல் போட்டு அறைச் சுவரில் டேப் வைத்து ஒட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் கத்தரிக்காயும். வேலூர்க் கோட்டைச் சுவரில் இன்னொரு தடவை நடப்பது. கம்பெனி வேனில் குளோரிக்காவோடு கேட் வரை போவது. மையத்துப் பிள்ளைகளோடு ஒரு கிரிக்கெட் மேட்ச். ஒவ்வொன்றும் முடிய முடியக் கோடு போட்டு அடிப்பதாகத் திட்டம். கடைசி வரியில், பெரிய எழுத்தில்: ‘அம்மா குளோரிக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும்.’ அதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரம்.

குளோரி அன்று அரைநாள் லீவு போட்டிருந்தாள். வாசலிலேயே நின்றாள். “வாங்கக்கா, வாங்க! இன்னா இப்டி எளச்சிப் போய்ட்டீங்க? போட்டோல நல்லா கும்முனு இருந்தீங்களே! குந்துங்க, ஃபேன் கீழ குந்துங்க” என்று என் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். எஸ்தர் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வீட்டையும் தானே சேர்த்துவைத்தது போல் அவள் முகத்தில் ஒரு பெருமை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். குளோரி உள்ளே போய், ஒரு தட்டில் எவர்சில்வர் சொம்பும் டம்ளரும் வைத்து எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். சொம்பின் வெளிப்புறம் வேர்த்திருந்தது.

“வேணாம்மா. எங்கிட்ட இருக்கு” என்றேன்.

சொன்னது மட்டும் இல்லை. தோளில் கிடந்த கைப்பையைத் திறந்து நீல பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவள் தட்டோடு நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு மிடறு குடித்தேன்.

அந்தத் தட்டு அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. குளோரியின் சிரிப்பு மறையவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்தவள் போய்விட்டாள். “சரிங்க” என்றாள். உள்ளே போய் வந்து, “சாப்ட்டுப் போலாமே மேடம்” என்றாள்.

மேடம். வாசலில் அக்காவாக நுழைந்த நான், ஐந்து நிமிடத்தில் மேடமாகியிருந்தேன். நான் ஊரை விட்டு வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அது எனக்கு உடனே புரிந்தது. ‘பயணக் களைப்பு’ என்று சொல்லிவிட்டு லாட்ஜில் எடுத்திருந்த அறைக்குப் போய்விட்டேன்.

எஸ்தருக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குப் பாட்டில் என்பது வெறும் பாட்டில். அவளே முதல் வாரம் பாட்டிலோடுதான் திரிந்தாளாம். “அது ஜெர்மன் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்” என்று தெருவே சிரித்ததாம். குளோரி ஒருநாள் அவள் பாட்டிலைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு, “இந்த வூட்ல இருக்கறவரிக்கும் இந்த வூட்டுத் தண்ணிதான்” என்றாளாம். எஸ்தர் அந்தக் கதையை எனக்கு எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். எஸ்தருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டார்கள். நான் ஜெர்மன் பெண் இல்லை.

மறுநாள் மையத்துக்குப் போகும் வழியில், குளோரியும் அவளோடு ஒரே லைனில் தைக்கும் முபீனாவும் எதிரே வந்தார்கள். இரண்டு பேரும் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கியிருந்தார்கள். முபீனா என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

“இன்னா மேடம், ஜெர்மன் தண்ணியா? டேஸ்ட் ஜாஸ்தியா இருக்குமா? எங்களுக்கும் ஒரு முழுங்கு ஊத்துங்களேன், நாங்களும் செவப்பாயிடறோம்.”

“சும்மா இரு முபீனா” என்றாள் குளோரி. “அவங்க நர்ஸம்மா. எந்தத் தண்ணில இன்னா கீதுன்னு அவங்களுக்குத் தெரியும்.”

அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்டோபரில் என் மகளுக்கு வந்த வயிற்றுப்போக்கை அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் தண்ணீர்தான் என் பிள்ளையைப் படுக்கவைத்தது என்று நான் சொல்லிக்காட்டிவிட்டதாக நினைக்கிறாள். அல்லது, அந்த ஊரில் ஒருவர் வீட்டுத் தண்ணீரை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்றென்றைக்கும் என்ன அர்த்தமோ, அதை நினைக்கிறாள். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.

பட்டியலில் அடுத்து வேலூர்க் கோட்டை. நானும் எஸ்தரும் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சொன்னாள்: “அது கேன் தண்ணி, தெரியுமா? அவங்க குடிக்கறது பொதுக் குழாய்த் தண்ணிதான், காய்ச்சிக் குடிப்பாங்க. நீ வர்றேன்னு ரெண்டு கேன் வாங்கி வச்சிருந்தாங்க. ஃப்ரிட்ஜே இல்ல. முபீனாக்கா வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சு எடுத்துட்டு வந்தாங்க.”

சொம்பின் வெளிப்புறம் ஏன் வேர்த்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் என்னிடம் கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒரு தண்ணீருக்கு எல்லோர் முகமும் ஏன் இப்படி மாறியது, குளோரிக்கா ஏன் ‘ஒண்ணும் இல்ல’ என்கிறாள் என்று. பள்ளிகொண்டா தாண்டியிருக்கும். இத்தனை வருடம் சொல்லாததை அந்த பஸ்ஸில் சொன்னேன். எனக்குப் பதினோரு வயது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருநாள் மதியம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தாகம் என்றேன். அவள் அம்மா என்னை வீட்டைச் சுற்றிப் பின்பக்கம், மாடு கட்டும் இடத்துக்கு வரச் சொன்னாள். இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி, மேலேயிருந்து ஊற்றினாள். கை நிறைந்து, முழங்கை வழியாக வழிந்து, பாவாடை நனைந்தது. அவள் மகள் டம்ளரில் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் தன் காலைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்பில் வெந்து வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த கால்.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் செஞ்சிருக்க.”

கோட்டைச் சுவரில் அவள் முன்னால் நடந்தாள். அகழியை, கோபுரத்தை, வெயிலில் படுத்திருந்த ஒரு நாயைப் படம் எடுத்தாள். என்னை எடுக்கவில்லை. அவளுடைய சந்தோஷமான கடைசி நாட்களில் ஒன்று அது. அதை நான் எப்படி ஆக்கிவைத்தேன் என்று பின்னால் நடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடமும் சொல்லாத ஒன்று உண்டு. இங்கே எழுதிவிடுகிறேன், எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு குளோரி தட்டை நீட்டியபோது நான் முதலில் பார்த்தது தண்ணீரை அல்ல. அவள் கையை. ஷூ ஒட்டும் பசை விரல்நுனிகளில் காய்ந்து மஞ்சளாக, நகத்தின் ஓரங்களில் கறுப்பாக ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிருமி, உப்பு, நிலத்தடி நீர் எல்லாம் அதற்குப் பிறகு வந்த காரணங்கள். அதற்கு முன்னால் அரை நொடி, எனக்குள் ஏதோ ஒன்று பின்வாங்கியது. மாட்டுக் கொட்டகையில் எனக்கு ஊற்றிய அந்த அம்மாளுக்கும் அப்படித்தான் பின்வாங்கியிருக்கும். என் அப்பாவின் கையும் காலும் இருந்த நிறத்துக்கு, குளோரியின் கை எவ்வளவோ சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை குளோரி வீட்டில் பிரியாணி. மறுநாள் காலை ரயில். பாட்டிலை வேண்டுமென்றே லாட்ஜில் விட்டுவிட்டுப் போனேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். குளோரியின் பெண்கள் எஸ்தரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள். எல்லோர் முன்னாலும் எவர்சில்வர் டம்ளர். என் முன்னால் மட்டும் ஒரு பேப்பர் கப், பக்கத்தில் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில். யாரும் சொல்லிக்காட்டவில்லை. விருந்தாளிக்கு வேண்டியதை வைப்பது போல் வைத்திருந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். காரம்.

“குளோரி, அந்தச் சொம்புலேர்ந்தே எனக்கும் குடும்மா” என்றேன்.

“ஐயோ, வேணாம் மேடம். நாளைக்கு பிளேன் ஏறணும். வயித்துக்கு ஒத்துக்காம பூட்சின்னா எங்களுக்குத்தான் பேஜாரு.” கத்தரிக்காயை என் தட்டில் வைத்தாள். “இத்தத் தொட்டு சாப்டுங்க.”

“நானும் இந்தப் பக்கம்தான் குளோரி. எங்க அப்பா பேரணாம்பட்டுல சுண்ணாம்புத் தொட்டியில நின்னவரு.”

கரண்டி நின்றது. “எஸ்தர் சொல்லுச்சு” என்றாள். என்னைப் பார்க்காமல், மெதுவாக, குரலில் கோபமே இல்லாமல் சொன்னாள்: “அதான் ஜாஸ்தி கஷ்டமா பூட்ச்சி மேடம். வெள்ளக்காரங்க வந்து வேணாம்னாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. அதுங்களுக்கு இன்னா தெரியும்.”

சொம்பு ஒரு கை தூரத்தில் இருந்தது. பிர்கிட் வீட்டில் என்றால் எடுத்து ஊற்றிக்கொண்டிருப்பேன், அது அங்கே மரியாதை. இங்கே கொடுக்காமல் எடுக்க முடியாது. நான் சீலை உடைக்கவில்லை. சாப்பாட்டை முடிக்கும்வரை தண்ணீரே குடிக்கவில்லை. எஸ்தர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். அன்று மாலை அவள் மாடி அறைச் சுவரிலிருந்து பட்டியலைப் பிய்த்து எடுத்தபோது பார்த்தேன். எல்லா வரியிலும் கோடு போட்டிருந்தது. நட்சத்திரம் போட்ட வரியில் மட்டும் இல்லை. ‘இன்னிக்கு ராத்திரி நான் இங்க தங்கட்டுமா’ என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவள் அதற்குள் பட்டியலை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிட்டாள்.

காலையில் ஆம்பூர் நடைமேடைக்குத் தெருவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். முபீனாகூட அழுதாள். குளோரி எஸ்தரை இழுத்து அணைத்து, “போய்ட்டு வரேன்னு சொல்லு. போறேன்னு சொல்லாத” என்று முதுகில் ஒரு அடி வைத்தாள். என்னிடம் சப்பாத்திப் பொட்டலத்தையும் நேற்றைய சீல் உடைக்காத பாட்டிலையும் கொடுத்தாள். எஸ்தரிடம், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வீட்டிலிருந்து பிடித்துவந்த தண்ணீரைக் கொடுத்தாள். ரயில் நகர்ந்தது. எஸ்தர் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மிச்சம் பிடித்துக் குடித்தாள். காட்பாடியில் ஒரு மிடறு. அரக்கோணத்தில் ஒரு மிடறு. எனக்கும் கொடு என்று நான் கேட்கவில்லை. அவளும் நீட்டவில்லை. சென்னை விமான நிலையத்தில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதும் மிச்சத்தைக் குடித்துவிட்டு, காலி பாட்டிலை அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள். குளோரி எனக்குக் கொடுத்ததை நான் குப்பைத்தொட்டியில் போட்டேன். அதன் மூடி கடைசிவரை திறக்கப்படவில்லை.

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. எஸ்தர் என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள், என் காரைக் கடன் கேட்கிறாள். குளோரியோடு வீடியோவில் பேசும்போது மட்டும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் குளோரிக்கு மூன்று முறை வாட்ஸ்அப்பில் எழுதி மூன்று முறையும் அனுப்பாமல் அழித்துவிட்டேன். என்ன எழுதினாலும் நர்ஸம்மா எழுதியது போலவே இருக்கிறது.

நேற்று, வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர்களின் மீட்டர் அளவைக் குறித்துப்போக ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் மீட்டர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு தட்டு, அதன்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் முன்னால் நின்று நீட்டினாள். அவர் குழம்பிப்போய் முதலில் அவளையும், பிறகு என்னையும், பிறகு தட்டையும் பார்த்தார். பிறகு நட்பாகச் சிரித்து, இடுப்பிலிருந்த பாட்டிலைத் தட்டிக்காட்டினார். “நன்றி. என்னிடமே இருக்கிறது.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்து, “பரவாயில்லை” என்று ஜெர்மனில் சொல்லி, தட்டைச் செருப்பு அடுக்கின்மேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அவர் எண்களைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். வாசல் கதவுக்கும் அவள் அறைக் கதவுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். இரண்டும் சாத்தியிருந்தன. டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இந்த ஊரில் அதுதான் வழக்கம். எனக்கு நல்ல தாகம். ஆனாலும், பிர்கிட் வீட்டில் உட்கார்ந்திருந்தது போலவே, யாராவது வந்து ‘குடி’ என்று சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன்.